தவிட்டின் கணக்கு

சாமையை அரிசியாக்குவது எளிய வேலை அல்ல. மணி சிறியது. உமி வழவழப்பானது, மணியை இறுகப் பற்றியிருப்பது. வெயிலில் காயவைத்து உரலில் இட்டுக் குத்த வேண்டும். முறத்தில் அள்ளிப் புடைக்க வேண்டும். உமி கழலாத மணியை மறுபடி உரலில் இட வேண்டும். ஒரே கைப்பிடிச் சாமை மூன்று நான்கு முறை உரலுக்கும் முறத்துக்கும் போய்வரும். கடைசியில் நீரில் இட்டுக் கல் அரிக்க வேண்டும். பத்துக் கிலோ சாமையைக் குத்தினால் ஆறு அல்லது ஏழு கிலோ அரிசி தேறும். கொல்லிமலையைப் பற்றிய இந்தக் கட்டுரை மீதி மூன்று நான்கு கிலோவைப் பற்றியது. அதைப் பிரித்தெடுக்கச் செலவான நேரத்தைப் பற்றியது.

அந்த மீதிக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. பதர், கருக்காய், உமி, தவிடு, நொய், குருணை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு போக்கிடமும் உண்டு. பதர் குப்பைக்குழிக்குப் போகும். உமி அடுப்புக்குப் போகும். எரிந்த சாம்பல் பாத்திரம் துலக்கவும், விதையோடு கலந்து பூச்சி அண்டாமல் காக்கவும் ஆகும். தவிடு மாட்டுக்கும் கோழிக்கும். நொய் கஞ்சிக்கு. கழுநீர் மாட்டுத் தொட்டிக்கு. சாணமும் குப்பையும் மக்கி அடுத்த விதைப்புக்கு முன்பு கொல்லைக்குப் போய்ச் சேரும். 'கழிவு' என்ற சொல்லை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று தேடிப் பார்த்தேன். இடமில்லை.

முறத்தின் வேலைக்கும் ஒரு சொல் போதவில்லை. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல், நேம்புதல். ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டு வேறு விதமாகத் திரும்ப வேண்டும். ஒன்றில் உமி பறக்கும், ஒன்றில் கல் ஒதுங்கும், ஒன்றில் நொய் பிரியும். என்னைப் போன்ற தமிழாசிரியர்கள் இவற்றை அருஞ்சொற்கள் என்று பட்டியலிட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். உண்மையில் இவை ஒரு பேரேடு. எது எதிலிருந்து பிரிந்தது, எங்கே போனது என்று வரவுசெலவு எழுதிய பேரேடு. எழுதியவர்கள் முறம் பிடித்த பெண்கள்.

இந்தப் பேரேட்டுக்கு இன்று உலக அளவில் ஒரு புதுப் பெயர் இருக்கிறது: சுழற்சிப் பொருளாதாரம். எடுத்து, செய்து, எறிவது என்ற நேர்கோட்டுக்குப் பதிலாக, ஒன்றின் மீதி இன்னொன்றின் முதலாக வேண்டும் என்பது அதன் சாரம். பூமியை ஒரு மூடிய விண்கலமாகப் பார்க்கச் சொல்லிப் பொருளியலாளர் கென்னத் போல்டிங் 1966இல் எழுதிய கட்டுரையை இதன் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். இன்றைய பேச்சு கொள்கையைவிட அளவீட்டைச் சுற்றியே நடக்கிறது. எலன் மக்கார்தர் அறக்கட்டளை 2015இல் ஒரு குறியீட்டெண்ணை வெளியிட்டது. ஒரு பொருளுக்குள் எவ்வளவு புதிய மூலப்பொருள் போகிறது, கடைசியில் எவ்வளவு மீட்க முடியாத குப்பையாகிறது, அந்தப் பொருள் எவ்வளவு காலம் எவ்வளவு உழைக்கிறது என்பவற்றைச் சேர்த்து 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும் முறை அது. 2024இல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு, சுழற்சியை அளப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 59020 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. வேளாண் தொழில் நிறுவனங்களும் இந்த அளவுகோல்களின் முன் வந்து நிற்கத் தொடங்கியிருக்கின்றன.

இதை நான் ஏளனம் செய்யவில்லை. ஆலைக் கழிவுநீரின் நாற்றத்தில் வாழ்கிறவர்களுக்கு அளவீடு ஓர் ஆயுதம். ஆனால் கொல்லிமலையில் பழைய சாமை வீடு ஒன்றை இந்தக் குறியீட்டெண்ணில் வைத்துப் பார்த்தால் என்ன வரும்? விதை வீட்டுத் தொம்பையிலிருந்து. உரம் வீட்டு மாட்டிலிருந்து. மீட்க முடியாத குப்பை கிட்டத்தட்ட இல்லை. மதிப்பெண் ஒன்றுக்கு மிக அருகில் வரும். விடியும் முன் எழுந்து உலக்கை பிடித்தவள் அந்த எண்ணுக்குள் எங்கும் இல்லை. அவள் இருந்ததால்தான் அது ஒன்றாயிற்று.

இப்படி விடுபடுவது புதிதல்ல. கொல்லிமலைக்கு இலக்கியத்தில் நீண்ட வரலாறு உண்டு. வல்வில் ஓரியின் மலை. காரி ஓரியைக் கொன்று சேரனுக்குக் கொடுத்த மலை. கண்டவர் மயங்கும் கொல்லிப்பாவை நின்ற மலை. குறிஞ்சிப் பாடல்களில் பெண் தினைப்புனம் காக்கிறாள். தட்டையும் குளிரும் தழலும் கொண்டு கிளியை விரட்டுகிறாள். தலைவன் அங்கேதான் அவளைக் காண்கிறான். கிளி தின்னாமல் மிஞ்சிய தினை வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆனது என்று கேட்டால், உலக்கைப் பாட்டு வருகிறது. வள்ளைப்பாட்டு என்று அதற்குப் பெயர். கலித்தொகையிலும் இருக்கிறது, சிலப்பதிகார வாழ்த்துக் காதையிலும் இருக்கிறது. உலக்கையின் தாளம் பாட்டாயிற்று. குத்தும் வேலையைப் பாட்டின் சந்தர்ப்பமாக மட்டும் படித்துப் படித்து, அது வேலை என்பதையே மறந்துபோனோம். முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் படித்தேன்.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் நெல்லை அரிசியாக்குவதற்கு ஐந்துக்கு இரண்டு என்ற விகிதம் வருகிறது. ஐந்து அளவு நெல் கொடுத்தால் இரண்டு அளவு அரிசி வர வேண்டும். துல்லியமான கணக்கு. ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, கலம் என்று நெல்லைத் தொடர்ந்து அளந்த சமூகம் இது. அந்த விகிதத்துக்குள் உலக்கை பிடித்த கை தெரிவதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் லெ ஃபானு 1883இல் சேலம் மாவட்டக் கையேட்டை எழுதினார். ரிச்சர்ட்ஸ் 1918இல் சேலம் கெசட்டியரை எழுதினார். வரி போட வந்தவர்களின் அளவீடு நிலத்தில் தொடங்கிக் களத்தில் முடிந்துவிடும். களத்திலிருந்து அடுப்புக்குப் போகிற வழி எந்த அரசுக்கும் வருவாய் தருவதில்லை.

கணக்கு வந்து மலையைத் திருப்பிப்போட்டது மரவள்ளியோடுதான். தென்னமெரிக்கக் கிழங்கு அது. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் காலத்தில், 1880களில், பஞ்சத்துக்குத் துணையாகப் பரப்பப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனபோது, சேலத்தில் 1943 வாக்கில் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். கைத்தொழிலாக ஆரம்பித்தது பெரும் தொழிலாயிற்று. 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் தொடங்கப்பட்டது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் சமவெளிகளைக் கடந்து, எழுபதுகளுக்குப் பிறகு குச்சிக்கிழங்கு கொல்லிமலைச் சரிவுகளில் பரவியது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் லாரி இறங்கியது.

மரவள்ளி வந்தது பேராசையால் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கையில் பணம் புழங்காத மலையில் மொத்தமாகப் பணம் தந்த பயிர் அது. பிள்ளையின் படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் சாமை உதவாது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் ஆண்களின் கைக்கு வந்தது. வியாபாரியிடம் முன்பணம் வாங்குவதும் விலை பேசுவதும் அவர்கள். சாமையில் எந்தக் கதிரை விதைக்கு ஒதுக்குவது என்று தீர்மானித்தவள் பெண். வெள்ளைப் பெருஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை. எது சீக்கிரம் விளையும், எது மழையில் சாயாது, எதன் சோறு ருசிக்கும் என்று அவளுக்குத் தெரியும். மரவள்ளிக்கு விதை தேவையில்லை. தண்டை நறுக்கி நட்டால் போதும். அவளுடைய அறிவுக்கும் அந்தப் பருவத்தில் வேலை இல்லாமல் போயிற்று.

சுழற்சியை அளக்கிறவர்கள் ஆலைக்குப் போவார்கள். அங்கே கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, மாவுப்பாலைப் பிழிந்து, தொட்டியில் தெளியவைக்கிறார்கள். சக்கை மிஞ்சும், சேலம் பக்கத்தில் திப்பி என்பார்கள். திப்பியைக் காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கு விற்கிறார்கள். முன்பு ஓடையில் விட்ட கழிவுநீரிலிருந்து இப்போது பல ஆலைகள் எரிவாயு எடுத்து, அதையே எரித்து வேலையை நடத்துகின்றன. நல்ல முன்னேற்றம்தான். குறியீட்டெண் உயரும். தோலுரிக்கவும் களத்தில் மாவைக் கிளறிக் காயவைக்கவும் கூலிக்கு வரும் பெண்களின் முதுகு அந்த எண்ணில் வராது என்பதை இங்கே தொட்டுவிட்டுப் போகிறேன். அது தனியாக எழுத வேண்டிய வரலாறு.

எனக்கு உறுத்துவது வேறு. அளவீட்டின் எல்லைக்கோட்டை ஆலையின் கேட்டில் போட்டால் வட்டம் மூடிவிடுகிறது. அதே கோட்டை மலையைச் சுற்றிப் போட்டுப் பாருங்கள். மரவள்ளி மண்ணிலிருந்து சாம்பல் சத்தை ஏராளமாக உறிஞ்சும் பயிர். லாரி இறங்கும்போது கிழங்கோடு மலை மண்ணின் சத்தும் இறங்குகிறது. திப்பி சமவெளி மாட்டுக்குப் போகிறது. அந்த மாட்டின் சாணம் சமவெளி வயலுக்குப் போகிறது. எதுவும் கரவள்ளி அடிவாரத்தைத் தாண்டி மேலே ஏறுவதில்லை. அதற்குப் பதிலாக மூட்டையில் ரசாயன உரம் ஏறுகிறது, கடனோடு. கீழே வட்டம், மேலே நேர்கோடு. ஐஎஸ்ஓ தரநிலையும் எல்லையை முதலில் வரையறுக்கத்தான் சொல்கிறது. எங்கே வரைவது என்பதை வரைபவர் தீர்மானிக்கிறார்.

சாமை குறைந்ததற்குப் பாதிக் காரணம்தான் மரவள்ளி. இன்னொரு பாதியை ஆய்வறிக்கைகளில் ஒரு வரியில் கடந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ரேஷன் கடையில் அரிசி வந்தது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் இலவசம். அது குத்திய அரிசி. உரல் வேண்டாம், உலக்கை வேண்டாம். களைந்து உலையில் போட்டால் சோறு. அதைச் சாப்பிட்டதால் பெண்கள் பாரம்பரியத்தைக் கைவிட்டார்கள் என்று சொல்வது எளிது. நான் அதை வேறு மாதிரி படிக்கிறேன். காட்டு வேலை, விறகு, தண்ணீர், பிள்ளைகள் என்று ஏற்கெனவே நிறைந்த நாளில் மூன்று நான்கு சுற்றுக் குத்தும் வேலையை அவர்கள் மறுத்தார்கள். கோஷம் இல்லாத வேலைநிறுத்தம். யாரும் அதைப் பதிவு செய்யவில்லை, ஏனென்றால் அந்த வேலையே பதிவில் இல்லை.

இது மிகையல்ல. இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் வேலை என்பதற்கு ஒரு வரையறை உண்டு. வீட்டுத் தேவைக்காகச் சாமை விளைவிப்பது பொருளாதார நடவடிக்கை. விளைந்த அதே சாமையை வீட்டுத் தேவைக்காகக் குத்துவது அல்ல. கொல்லையில் நிற்கும்வரை அவள் தொழிலாளி. உரலருகே வந்ததும் வீட்டு வேலை செய்பவள். அவளுக்கென்று 92, 93 என்று இரண்டு குறியீட்டு எண்கள் இருக்கின்றன. இரண்டும் தொழிலாளர் எண்ணிக்கைக்கு வெளியே. ஐக்கிய நாடுகளின் தேசியக் கணக்கு முறை வீட்டு நுகர்வுக்காகத் தானியம் குத்துவதையும் உற்பத்தி என்றே ஏற்கிறது. நம் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பு அங்கே கதவைச் சாத்திவிட்டது.

பெண்ணியர்கள் இதைத் தட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். தேவகி ஜெயினும் மாலினி சந்தும் 1976–77இல் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் வீடுவீடாக நேரத்தை அளந்து, வேலை செய்யாதவர்கள் என்று குறிக்கப்பட்ட பெண்கள் நாள் முழுக்க வேலை செய்வதைக் காட்டினார்கள். நியூசிலாந்தின் மர்லின் வாரிங், தேசிய வருமானக் கணக்கு பெண்களை எப்படி விழுங்குகிறது என்று 1988இல் ஒரு புத்தகமே எழுதினார். இந்திய அரசு 1998–99இல் ஆறு மாநிலங்களில் முன்னோட்டமாக நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை நடத்தியது. தமிழ்நாடு அவற்றில் ஒன்று. நாடு முழுவதற்குமான கணக்கெடுப்பு 2019இல்தான் நடந்தது. வீட்டாருக்கான ஊதியமில்லாத வீட்டு வேலையில், அதைச் செய்கிற பெண் ஒருநாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறாள், ஆண் 97 நிமிடம் என்று அது சொன்னது. கருவி நம்மிடம் இருக்கிறது. சுழற்சியை அளக்கிறவர்களின் மேசைக்கு அது இன்னும் போகவில்லை.

இங்கே ஜே.சி. குமரப்பாவை நினைக்காமல் இருக்க முடியாது. தஞ்சாவூரில் பிறந்த பொருளியலாளர். காந்தியோடு 1934இல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தைக் கட்டியவர். சிறையில் இருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' பற்றிய அவருடைய நூல் சுழற்சிப் பொருளாதாரம் என்ற பெயர் பிறக்கும் முன்பே அதைப் பேசியது. இயற்கையில் எதுவும் வீணாவதில்லை என்பதில் தொடங்கினார். அரிசி ஆலைகளைக் கடுமையாக எதிர்த்தார்: ஆலை தவிட்டைச் சீவிச் சத்தைக் கெடுக்கிறது, கிராமத்தின் வேலையைப் பறிக்கிறது என்றார். கைக்குத்தலைக் காக்கும் நோக்கம் 1958ஆம் ஆண்டின் அரிசி ஆலை ஒழுங்குமுறைச் சட்டத்திலும் இருந்தது. குமரப்பா மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. அவரோடு ஓர் இடத்தில் மல்லுக்கு நிற்கவும் வேண்டியிருக்கிறது. கூலிக்கு நெல் குத்திய ஏழைப் பெண்களின் பிழைப்பை ஆலை பறித்தது உண்மை. அவர்களுக்காக அவர் பேசியது நியாயம். கூலியே இல்லாமல் தன் வீட்டுக்குக் குத்துகிறவளுக்கு ஆலை பறிப்பதற்கு என்ன இருந்தது? அவளுக்கு அது விடுதலை. நிலைத்த பொருளாதாரம் அவள் தோளில் நிலைத்திருக்க வேண்டும் என்றால், அவளிடம் கேட்டிருக்க வேண்டும்.

1990களின் நடுவில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் வேலையைத் தொடங்கியது. விதை வங்கி, புது நடவு முறை, மகளிர் குழுக்கள், சந்தை என்று பல வழிகளில் முயன்றார்கள். அவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இயந்திரம். மாவு அரைப்பதும் உமி நீக்குவதுமான சிறு இயந்திரங்களை ஊருக்குள் கொண்டுவந்து சுய உதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டார்கள். பல்லுயிர்ப் பாதுகாப்பு என்ற பெரிய சொல்லின் அடியில் கிடந்த சின்ன முடிச்சு, உரல். அதை அவிழ்க்காமல் விதையைக் காப்பாற்ற முடியாது என்று களத்தில் வேலை செய்தவர்களுக்குப் புரிந்திருந்தது. சாமையில் அதைச் செய்வது தொழில்நுட்பரீதியாகவும் எளிதல்ல. நெல் ஆலையில் போட்டால் சிறுமணி நொறுங்கும், உமியும் முழுதாகக் கழலாது.

ஊருக்குள் இயந்திரம் இருந்தால் தவிடும் உமியும் ஊருக்குள்ளேயே இருக்கும். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் 2023ஐ ஐக்கிய நாடுகள் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு நகரத்துக் கடைகளில் சாமை அரிசிக்குக் கிராக்கி கூடியிருக்கிறது. பாக்கெட்டில் வெள்ளை வெளேரென்று இருக்கும். தவிடு முழுக்கச் சீவப்பட்டது. உமியோடு சாமை மலையிலிருந்து இறங்கிச் சமவெளி ஆலைக்குப் போனால், மரவள்ளியின் கதை சிறுதானியத்தின் பெயரில் மறுபடி நடக்கும். ஆலை தன் உமியை எரித்து, தவிட்டை விற்று, நல்ல மதிப்பெண் வாங்கும். மலையில் பெண் ரேஷன் அரிசியை உலையில் இடுவாள். அவளுடைய மாட்டுக்குத் தவிடு கடையில் வாங்க வேண்டும்.

அதனால் கொல்லிமலைச் சாமைக்கு யாராவது சுழற்சி மதிப்பெண் போட வந்தால், எடையோடு வேறு சிலவற்றையும் கேட்க வேண்டும் என்பேன். உமி எந்த ஊரில் கழன்றது? தவிட்டு மூட்டை யார் வீட்டுக்குப் போனது? அடுத்த ஆண்டு விதை யார் கையில் இருக்கிறது? ஒரு கிலோ அரிசிக்கு எந்தப் பெண்ணின் எத்தனை நிமிடம் போயிற்று, அதற்குக் கூலி இருந்ததா? இயந்திரத்தின் சாவி யாரிடம் இருக்கிறது, அது பழுதானால் திருத்துகிற ஆள் எத்தனை நாளில் மலையேறுவார்? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றலாம். இயந்திரம் நின்ற வாரத்தில் சாமை மூட்டையில் கிடக்கும், அல்லது ஒருத்தி உரலைத் துடைப்பாள்.

சென்ற பருவத்தில் வகுப்பில் வள்ளைப்பாட்டு நடத்தும்போது முறத்தின் வினைகளைக் கரும்பலகையில் எழுதினேன். புடைத்தல் மட்டும் சிலருக்குத் தெரிந்திருந்தது. நாவுதல் என்றதும் நாக்கோடு தொடர்பு உண்டா என்று ஒரு மாணவி கேட்டாள். செய்து காட்டுங்கள் என்றார்கள். மறுநாள் வீட்டிலிருந்து முறமும் கொஞ்சம் சாமையும் கொண்டுபோனேன். புடைத்தல் ஒருவழியாக வந்தது. மேசை முழுக்க உமி. நாவும்போது மணிக்கட்டு திரும்பவில்லை. கல்லும் மணியும் சேர்ந்தே ஒரு பக்கம் ஒதுங்கின.